புதுப்பிப்பு: அப்பாவின் குத்துச்சண்டைப் பயிற்சி

பார்க்கின்சன் (நடுக்கமும் அசைவில் தடுமாற்றமும் தரும் நரம்பு நோய்) உள்ள அப்பாவுக்குக் குத்துச்சண்டைப் பயிற்சி சரிவருமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். சரி, தொடங்கிவிட்டோம்.

ஆளை ஆள் அடிப்பது இதில் இல்லை. 2006 இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், இதே நோய் வந்த ஸ்கொட் நியூமன் என்ற வழக்கறிஞர் தொடங்கிய ‘ரொக் ஸ்டெடி பொக்சிங்’ வழிதான். கிளிநொச்சியில் எங்களுக்கு வகுப்பு அகப்படவில்லை. உரப்பையில் உமி அடைத்து மாமரத்தில் கட்டினோம்.

இந்த நோய்க்கு அவர் எடுக்கும் லெவோடோபா குளிசை வேலை செய்யும் நேரத்தில்தான் பயிற்சி. கால்களை அகட்டி நிற்பார், பின்னால் கதிரை, பக்கத்தில் நான். ஒவ்வொரு குத்தையும் சத்தமாக எண்ண வேண்டும். தணிந்துபோன குரலுக்கும் அது பயிற்சி.

நடுக்கம் அப்படியேதான். ஆனால் திரும்பும்போது கால் நிலத்தோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவது குறைந்த மாதிரித் தெரிகிறது. அம்மாதான், “வயசுபோன நேரத்தில என்ன அடிதடி?” என்று இன்னும் புறுபுறுக்கிறார்.