புதுப்பிப்பு: கருவிக் காப்பு அணிந்து மூன்று மாதங்கள்

கண்ணிகளில் பல கருவிகள் பொதிந்த எஃகுக் கைக்காப்பு அன்றாடம் பயன்படுமா, வெறும் அலங்காரமா என்று முன்பு கேட்டிருந்தேன், பிறகு வாங்கியும்விட்டேன். சென்ற ஞாயிறன்று, ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூடத் தாண்டாத நிலையில் மிதிவண்டி இருக்கை தளர்ந்துவிட, காப்பிலிருந்த 5 மி.மீ. ஆலன் (அறுகோண) முனையைக் கொண்டே அதை முடுக்கினேன். எனினும் கண்ணி குட்டையானது என்பதால் நெம்புவிசை போதவில்லை; வீடு திரும்பியதும் நீளமான ஆலன் சாவியால் மீண்டும் இறுக்க வேண்டியிருந்தது.

சேலத்து வெயிலில் வியர்வையும் அழுக்கும் கண்ணிகளின் இடுக்கில் படிவதால், வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் தேய்க்கிறேன் (உருக்காலை உள்ள ஊரில் எஃகுக்கு இவ்வளவு உபசாரமா என்பது மனைவியின் கேலி). மடிக்கணினியில் தட்டச்சு செய்யும்போது கழற்றிவிடுகிறேன். வண்டியின் பேட்டரியைத் தொடும்போது கழற்றுவது கட்டாயம். காப்பு பேட்டரியின் இரு மின்முனைகளையும் இணைத்துவிட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து மணிக்கட்டைச் சுட்டுவிடும்.