சுத்தம் செய்த பின் செயலிழந்த விசைகள்: உங்கள் அனுபவம் என்ன?

புள்ளிக்காரன்

என்னுடையது மெம்பிரேன் வகை, அதாவது விசைகளுக்கு அடியில் மின்தடங்கள் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்கள் கொண்ட விசைப்பலகை. முழுவதும் திறந்து, விசைமூடிகளைக் கழுவி, உள்ளே இருந்த பிளாஸ்டிக் தாள்களைத் துடைத்து, எல்லாம் காய்ந்த பிறகே மூடினேன். மீண்டும் இணைத்தபோது 4, ஆர், எஃப், வி ஆகிய நான்கு விசைகள் மட்டும் வேலை செய்யவில்லை. நான் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் தட்டுபவன். அதில் எஃப் விசைதான் புள்ளி. ‘தந்தார்’ என்று தட்டினால் ‘தந்தார’ என்று விழுந்தது. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தால் புள்ளி தானாகவே சேர்ந்துவிடும் என்பதால் ‘ந்’ தப்பித்தது. இறுதி ‘ர்’ தப்பவில்லை. திரையை நிமிர்ந்து பார்க்காமல் அரைப் பக்கம் தட்டி முடித்துப் பார்த்தபோது, புள்ளியிடாத ஓலைச்சுவடியைப் படிப்பது போலிருந்தது. வி போனதால் வகரமும் இல்லை, ஆர் போனதால் ஐகாரமும் இல்லை. ஈரம்தான் காரணம் என்றால் பக்கத்து விசைகளும் போயிருக்க வேண்டாமா? மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் இந்த நான்கு மட்டும் ஏன் போயின என்பது இன்னும் உறுத்துகிறது.

இரவுப்பணி

திறந்து பார்ப்பதற்கு முன்பே எல்லோரும் ஒன்றைச் சோதிக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் கணினியை அணைக்காமலேயே உலர்ந்த துணியால் விசைப்பலகையைத் துடைத்தார். அதன் பிறகு எந்த விசையும் இயங்கவில்லை. புதியதை வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பியும் விட்டார்கள். நான் சும்மா ஒரு விசையை அழுத்திப் பிடித்தபோது, சற்றுத் தாமதித்து அந்த எழுத்து திரையில் தோன்றியது. அங்கிருந்த அனைவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட அந்தக் கணத்தை நான் மறக்கவே மாட்டேன். விண்டோஸில் வலப்பக்க ஷிப்ட் விசையை 8 விநாடிகள் தொடர்ந்து அழுத்தினால் ஃபில்டர் கீஸ் என்ற வசதியை இயக்கலாமா என்று ஒரு பெட்டி கேட்கும். துணி அடுத்து எண்டர் மீது போனால் ‘ஆம்’ என்று விடையும் சொன்னதாகிவிடும். அதன் பிறகு விரைவாகத் தட்டுபவை எல்லாம் புறக்கணிக்கப்படும். அதே ஷிப்ட் விசையை மறுபடியும் 8 விநாடிகள் அழுத்தியதும் எல்லாம் சரியாயிற்று.

திருப்புளி

இரவுப்பணி சொல்வது உண்மையே, ஆனால் இங்கே பொருந்தாது. ஃபில்டர் கீஸ் நான்கு விசைகளை மட்டும் தேர்ந்தெடுத்து முடக்காது. இயங்கினால் பலகை முழுவதும் பாதிக்கப்படும். முதல் பதிவை அவர் முழுமையாகப் படித்தாரா என்றே ஐயமாக இருக்கிறது.

எனக்கும் இதேபோல ஒரு தொகுதி விசைகள் போயின. திருகுகளை இறுக்கியதும் வந்துவிட்டன. கதை அவ்வளவுதான். காரணத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நூற்றுக்கும் மேற்பட்ட விசைகளுக்கு ஆளுக்கொரு கம்பி கிடையாது. குறுக்கும் நெடுக்குமாகத் தடங்கள் ஓடுகின்றன. 8 குறுக்குத் தடங்களும் 18 நெடுக்குத் தடங்களும் இருந்தால் 144 சந்திப்புகள் கிடைத்துவிடும். மேல் தாளில் ஒரு தடம், கீழ்த் தாளில் ஒரு தடம், நடுவில் துளையிட்ட தாள். விசையை அழுத்தும்போது அந்தத் துளை வழியாக இரண்டும் தொட்டுக்கொள்கின்றன. ஆகவே ஒரு தடம் அறுந்தால், அந்தத் தடத்தைச் சார்ந்த விசைகள் மட்டுமே போகும். அவை பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. நான்கு விசைகள் சேர்ந்து போனதே ஈரத்தைவிடத் தடத்தின் மீதுதான் ஐயத்தைத் திருப்புகிறது. தாள்களின் வால்பகுதி சுற்றுப்பலகையின் கறுப்புக் கரித் தொடுமுனைகள் மீது ஒரு பட்டையாலும் சில திருகுகளாலும் அழுத்திவைக்கப்பட்டிருக்கும். அங்கே சாலிடர் எதுவும் இல்லை. பட்டை இம்மியளவு விலகினாலும் ஒரு தடம் முழுவதும் துண்டிக்கப்படும். முதலில் அதைக் கழற்றி நேராக வைத்து இறுக்குங்கள். பிறகும் வராவிட்டால் மின்சாரம் பாய்கிறதா என்று காட்டும் மல்டிமீட்டர் கருவியால் தடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்து பாருங்கள். தொடுமுனைகளைச் சுரண்ட வேண்டாம். கரிப்பூச்சு உரிந்துவிட்டால் திரும்ப ஒட்டாது. தடங்கள் வெள்ளி கலந்த மையால் அச்சிடப்பட்டவை; அழுத்தித் தேய்த்தால் அவையும் போய்விடும். எதற்கும் இரண்டு நாள்கள் உலரவிட்டுப் பாருங்கள்.

மடிக்கணினி

என்னுடையது சிறிய கதை. தூசியை ஊதித் தள்ளும் காற்றுப் புட்டியைத் தலைகீழாகப் பிடித்து அடித்ததும் காற்றுக்குப் பதில் திரவம் பீய்ச்சி, விசைகளின் மீது வெண்பனி படர்ந்தது. பனி உருகிய பிறகு இடக்கோடியில் இருந்த சில விசைகள் மாலை வரை இயங்கவில்லை. பிறகு தாமாகவே வந்துவிட்டன. புட்டியை நிமிர்த்திப் பிடித்து, கணினியைத்தான் சாய்க்க வேண்டும். தன் மடிக்கணினிகளை 75 பாகை சாய்த்து வைத்துக் காற்றடிக்குமாறு ஆப்பிள் நிறுவனமே எழுதிவைத்திருக்கிறது.

கிளிக்

திருப்புளி தடங்களைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. கடைசி வரி மட்டும் தவறு. மெம்பிரேன் தாள்களுக்கு இடையில் புகுந்த நீர் இரண்டு நாள்களில் போய்விடும் என்று நம்ப முடியாது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பதால் காற்றே உள்ளே செல்வதில்லை. பிரிக்கக்கூடிய தாள்களாக இருந்தால் பிரித்துத்தான் உலர்த்த வேண்டும். விளிம்புகள் ஒட்டப்பட்டிருந்தால் உலரும் வரை காத்திருப்பது வெறும் நம்பிக்கைதான். இன்னொன்று, ஆல்கஹாலால் துடைப்பவர்கள் புட்டியின் மீது அச்சிட்டிருக்கும் விகிதத்தைப் படிக்க வேண்டும். 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்றால் மீதியில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

என்னுடையது சுவிட்சுகளைக் கையால் பிடுங்கி மாற்றக்கூடிய மெக்கானிக்கல் பலகை, அதாவது ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிட்சு உள்ளது. துடைத்துவிட்டுத் திரும்பப் பொருத்தியதில் ஒரு விசை மட்டும் இயங்கவில்லை. அழுத்தினால் ஒலி கேட்டது, உள்ளே இறங்கியது, மேலே வந்தது, எழுத்து மட்டும் வரவில்லை. சுவிட்சைப் பிடுங்கிக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான், இரண்டு செப்புக் கால்களில் ஒன்று துளைக்குள் இறங்காமல் அடியில் மடங்கிப் படுத்துக்கிடந்தது தெரிந்தது. சாமணத்தால் நிமிர்த்திச் செருகியதும் விசை இயங்கியது. இப்போது அதே விசை ஒருமுறை தட்டினால் இருமுறை எழுதுகிறது. சுவிட்சுக்குள் இருக்கும் தொடுமுனையில் ஆல்கஹால் கரைத்துக் கொண்டுவந்த அழுக்கு படிந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். பலகையில் எந்தக் குறையும் இல்லை, ஏனெனில் அந்தச் சுவிட்சை வேறோர் இடத்தில் பொருத்தினால் இரட்டிப்பும் அதனுடன் சேர்ந்தே போகிறது.