தீம் பார்க்கில் ‘கிட்ஸ் மீல்’: 320 ரூபாய்க்கு நான்கு நக்கட்ஸ் சரியா?

ஆதம்பாக்கம் அப்பா:
போன ஞாயிறு சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தீம் பார்க்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். பையனுக்கு 5 வயது, பெண்ணுக்கு 10. மதியம் இருவருக்கும் ‘கிட்ஸ் மீல்’ வாங்கினேன், ஒன்று 320 ரூபாய். நான்கு சிக்கன் நக்கட்ஸ், ஒரு கைப்பிடி ஃப்ரென்ச் ஃப்ரைஸ், சின்ன மாம்பழ ஜூஸ் டப்பா, ஒரு பிளாஸ்டிக் விசில். பையன் பாதியை வைத்துவிட்டான். பெண் தன்னுடையதையும் தம்பி வைத்த மிச்சத்தையும் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கெல்லாம் பசிக்கிறது என்றாள். பக்கத்துக் கவுன்ட்டரில் வெஜ் பிரியாணி 260 ரூபாய். ஒரு தட்டு வாங்கியிருந்தால் இரண்டு பேருக்கும் தாராளமாகப் போதும்.

விலை மட்டும் இல்லை எனக்கு உறுத்துவது. வாசலில் டிக்கெட் போடும்போது பிள்ளையை நிற்கவைத்து உயரம் அளக்கிறார்கள். சாப்பாடு என்று வந்தால் 4 வயதும் 11 வயதும் ஒரே தட்டு. பிரியாணியில் அரைத் தட்டு கேட்டேன். ‘அப்படி பில் போட முடியாது சார்’ என்றார்கள். ஏன் முடியாது?

ஃபுட்கோர்ட் மாஸ்டர்:
சார், ஒரு பார்க்கின் கிச்சனில் ஆறு வருடமாக இருப்பவன் நான். ஒரு தட்டு பிரியாணியில் அரிசிக்கும் காய்கறிக்கும் போகிற காசு கொஞ்சம்தான். ஆள் கூலி, கேஸ், கரண்ட், பார்க்குக்குக் கட்டும் பங்கு, இவைதான் பெரிய செலவு. அரைத் தட்டு கொடுத்தாலும் பில் போடுகிறவரும் மேசை துடைக்கிறவரும் முழு வேலைதான் பார்க்கிறார்கள். செவ்வாய், புதன் ஈ ஓட்டுவோம், அன்றைக்கும் சம்பளம் உண்டு.

நக்கட்ஸை ஃப்ரீசரிலிருந்து எடுத்து எண்ணெயில் போட்டால் நாலைந்து நிமிடத்தில் ரெடி. எண்ணிக் கொடுக்கலாம். காரம் என்று எந்தப் பிள்ளையும் தள்ளாது. ஒரு கோடை விடுமுறையில் நாங்கள் குழந்தைகளுக்குத் தனியாகச் சாம்பார் சாதம் போட்டுப் பார்த்தோம். சாயங்காலம் குப்பைத் தொட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. வயிறு முட்டச் சாப்பிட்டு ரைடு ஏறினால் வாந்தி வேறு. சின்னத் தட்டுதான் சரி என்பேன்.

பெரம்பூர் டீச்சர்:
மாஸ்டர், எந்த வயதுக்குச் சரி? தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி 4 முதல் 6 வயதுக்கு ஒரு நாளைக்கு 1360 கிலோகலோரி வேண்டும். 10 முதல் 12 வயதுப் பெண்பிள்ளைக்கு 2060. ஒன்றரை மடங்கு! இவர் மகள் அடம்பிடிக்கவில்லை, உண்மையாகவே பசித்திருக்கிறது.

எங்கள் பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நடக்கிறது. 2022-இல் திட்டம் வந்தபோதே ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்று அளவும் வந்துவிட்டது. சமைக்கிற அக்காக்களுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பாதி போதும் என்றால் பாதிதான் வைப்பார்கள், ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு இன்னொரு கரண்டி விழும். காசு வாங்காமல் போடுகிற இடத்திலேயே இது நடக்கிறது. நீங்கள் மெனு பலகையில் எத்தனை கிராம் என்றாவது எழுதக் கூடாதா? 10 கிளையோ அதற்கு மேலோ உள்ள பர்கர், பீட்சா கடைகள் மெனுவில் கலோரி போட்டாக வேண்டும் என்று விதியே இருக்கிறது. பார்க்குக்குள் இருக்கிற ஒற்றைக் கடைகள் அதிலிருந்து தப்பிவிடுகின்றன.

ஓஎம்ஆர் ரைடர்:
விலை பலகையில் இருந்தது, பார்த்துத்தானே வாங்கினீர்கள்? ஹோட்டலில் தண்ணீர் பாட்டிலை எம்ஆர்பிக்கு மேல் விற்றால் தவறில்லை என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அங்கே இடமும் சேவையும் சேர்ந்துதான் விலை. வருடத்துக்கு ஒரு நாள் போகிற இடத்தில் மெஸ் கணக்கு பார்க்கக் கூடாது.

ஆதம்பாக்கம் அப்பா:
சேவைக்குக் காசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதி விலைக்குப் பாதித் தட்டும் கேட்கவில்லை. 260 ரூபாய் பிரியாணியில் அரைத் தட்டை 170 என்று போடுங்கள், சந்தோஷமாகக் கொடுக்கிறேன். மாஸ்டர் சொன்ன கூலி, கேஸ், பங்கு எல்லாம் பெரியவர் தட்டிலும் உண்டு. அப்படியிருக்க, 5 வயதுப் பையனின் தட்டு அதைவிட 60 ரூபாய் அதிகமாவது எப்படி?

ஃபுட்கோர்ட் மாஸ்டர்:
சிக்கன், ஜூஸ், அந்த விசில். மூன்றும் வெளியிலிருந்து வாங்குகிற சரக்கு. ஆனாலும் 60 ரூபாய் வித்தியாசம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

மடிப்பாக்கம் பாட்டி:
அந்தக் காலத்தில் எங்கே போனாலும் புளியோதரை, தயிர் சாதம் கட்டிக்கொண்டுதான் கிளம்புவோம். இப்போது வாசலிலேயே பையைத் திறக்கச் சொல்கிறார்கள். பேரனுக்குக் கொண்டுபோன தயிர் சாத டப்பாவைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள், மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. குழந்தைக்குச் சாப்பாடு கொண்டுபோகலாம் என்று கோர்ட்டே சொன்னதாகப் படித்தேனே?

ஓஎம்ஆர் ரைடர்:
அம்மா, அது 2023 ஜனவரியில் சினிமா தியேட்டர் வழக்கில் வந்த தீர்ப்பு. வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு, ஆனால் குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கு அளவான உணவை அனுமதிக்க வேண்டும் என்றார்கள். பார்க்கைப் பற்றி அதில் பேச்சில்லை. உங்கள் டப்பாவை வாங்கி வைத்தது எனக்கும் சரியாகப் படவில்லை. குழந்தைச் சாப்பாட்டை உள்ளே விடலாம்.

மடிப்பாக்கம் பாட்டி:
சரி, விடவில்லை என்றால் நீங்களே தயிர் சாதம் போடுங்களேன் மாஸ்டர் தம்பி. நிறையப் பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் விட்டால் மதியம் வரை புளிக்காது. ரைடு ஏறி இறங்குகிற பிள்ளைக்கு அதைவிட வயிற்றுக்கு இதமானது எது?

ஃபுட்கோர்ட் மாஸ்டர்:
வீட்டில் ஒரு டப்பாவுக்கு அது சரிம்மா. கிச்சனில் சூடான உணவை 60 டிகிரிக்கு மேலே வைக்க வேண்டும், குளிர்ந்ததை 5 டிகிரிக்குள் வைக்க வேண்டும். தயிர் சாதத்தைச் சூடாக வைத்தால் திரிந்துவிடும், ஃப்ரிட்ஜில் வைத்தால் கட்டியாகிவிடும். நடுவில் வைத்தால் மே மாத வெயிலில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு குழந்தைக்கு வயிறு கெட்டாலும் என் மனசு ஆறாது.

பெரம்பூர் டீச்சர்:
அப்போ மினி இட்லி? நம் ஊர் ஹோட்டல்களில் 14 மினி இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டுத் தருகிறார்களே. நக்கட்ஸ் மாதிரியே எண்ணிக் கொடுக்கலாம். சின்னவனுக்கு 7, பெரியவளுக்கு 14. சாம்பாரைச் சூடாகவே வைத்திருக்கலாம், காரத்தைக் குறைத்தால் போதும்.

ஃபுட்கோர்ட் மாஸ்டர்:
இதில் எனக்குச் சண்டை இல்லை டீச்சர். தட்டுத் தட்டாக அவித்து எடுக்கலாம், மீந்தாலும் மறுநாள் மாவை ஊத்தப்பத்துக்குத் திருப்பலாம். சாம்பாரில் முன்கூட்டியே போட்டுவைத்தால் குழைந்துவிடும், கேட்கும்போதுதான் ஊற்ற வேண்டும். ஞாயிறு வரிசையில் அதற்கு ஒரு ஆள் தனியாக வேண்டும். அந்த ஆளை முதலாளியிடம் கேட்டு வாங்குவதுதான் கஷ்டம்.

ஆதம்பாக்கம் அப்பா:
அந்த ஒரு ஆளின் கூலியையும் சேர்த்தே விலை போடுங்கள் மாஸ்டர். விசிலை எடுத்துவிடுங்கள், பாதி அதிலேயே வந்துவிடும்.

ஃபுட்கோர்ட் மாஸ்டர்:
விசிலை எடுத்தால் பாதிப் பிள்ளைகள் கவுன்ட்டர் பக்கமே வராது சார், அதில் நான் மாறமாட்டேன். மினி இட்லி வரும்வரைக்கும் ஒன்று செய்யுங்கள். பன்னிரண்டு மணிக்குள் போய் ஒரு பிரியாணி வாங்கி, கூட ஒரு காலித் தட்டு கேளுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் நான் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை.