பழைய கேமராவில் தங்கிவிட்ட படங்களைப் புதிய கணினிக்குக் கொண்டுவந்த அனுபவங்கள்

அப்பா ரொம்ப நாள் வைத்திருந்த டிஜிட்டல் கேமராவிலிருந்து படங்களை முழுசாகப் புது லேப்டாப்புக்கு மாற்றி முடித்துவிட்டேன். நடுவில் தெரிந்தவர்கள் பலரும், "இனிமே அது வராது, விட்டுடு" என்றார்கள். வந்தது. இதே நிலையில் யாராவது கைவிடப் பார்த்தால் கொஞ்சம் பொறுக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள்.

கேமராவில் இருந்தது மினி யூஎஸ்பி துளை. லேப்டாப்பில் டைப்-சி மட்டும். அடாப்டர் போட்டு இணைத்தேன். லேப்டாப்பில் ஒரு அசைவும் இல்லை. பெட்டியில் கிடந்த கேபிள் சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமானது, உள்ளே டேட்டா கம்பியே கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வேறு கேபிள் மாற்றியதும் புதிய சாதனம் வந்த சத்தம் கேட்டது, ஆனால் டிரைவ் எதுவும் தோன்றவில்லை.

விஷயம் கேமராவின் செட்டப் மெனுவில் இருந்தது. 'யூஎஸ்பி' என்ற வரியில் இரண்டு தேர்வுகள்: பிடிபி, மாஸ் ஸ்டோரேஜ். மாஸ் ஸ்டோரேஜ் வைத்தால் கேமரா ஒரு பென்டிரைவ் மாதிரி நடந்துகொள்ளும். பிடிபி வைத்தால் கணினி கார்டுக்குள் நேரடியாக நுழைய முடியாது. கேட்கிற படத்தை கேமராதான் எடுத்துக் கொடுக்கும். ஒன்றில் வராதது மற்றதில் வரும். மாற்றியதும் படங்கள் இருக்கும் டிசிஐஎம் ஃபோல்டர் திறந்தது.

முக்கியமான பகுதி இதற்குப் பிறகுதான். கார்டில் இருந்ததையெல்லாம் எடுத்த பிறகும் அக்கா கல்லூரி முடித்த நாளின் படங்கள் இல்லை. அப்பா, "நான்தானே எடுத்தேன், இதே கேமராதான்" என்று உறுதியாகச் சொன்னார். கார்டைக் கழற்றிவிட்டுக் கேமராவை ஆன் செய்தபோது அத்தனையும் திரையில் வந்தன. இந்த வகைச் சின்ன கேமராக்கள் பலவற்றில் சில பத்து எம்பி அளவுக்கு உள் நினைவகம் உண்டு. கார்டு போட்டிருக்கும் வரை கேமரா கார்டை மட்டுமே காட்டும். உள்ளே இருப்பதை மறைத்துவிடும். கார்டு வாங்குவதற்கு முன்போ, கார்டு போட மறந்த நாளிலோ எடுத்தவை அங்கேதான் தங்கியிருக்கும். கேமராவை விற்பதற்கோ தூக்கிப்போடுவதற்கோ முன்னால் தயவுசெய்து ஒருமுறை கார்டு இல்லாமல் ஆன் செய்து பாருங்கள். சில மாடல்களின் மெனுவில் உள் நினைவகத்திலிருந்து கார்டுக்கு நகல் எடுக்கும் வசதியும் இருக்கிறது.

* * *

நல்ல பதிவு சகோ. உள் நினைவக விஷயத்துக்குத் தனி நன்றி, இன்றைக்கே பார்க்கிறேன்.

ஆனால் கேபிள் விஷயத்தில் என் கருத்து வேறு. உள் நினைவகத்துக்கு வேறு வழியில்லை, சரி. கார்டில் இருப்பதற்கு ஏன் கேமராவை நடுவில் இழுக்க வேண்டும்? கார்டு ரீடர் ஒன்று போதும். பழைய கேமராக்களில் பல யூஎஸ்பி 1.1 வேகத்தில்தான் பேசும், அதாவது நொடிக்கு 12 மெகாபிட். நடைமுறையில் நொடிக்கு 1 எம்பி கிடைத்தாலே பெரிது. 1 ஜிபி கார்டை காலி செய்யக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை அந்தப் பழைய பேட்டரி தாங்க வேண்டும். நடுவில் உயிர் விட்டால் முதலிலிருந்து.

புது ரீடர் பழைய கார்டைப் படிக்குமா என்று பலர் தயங்குகிறார்கள். எஸ்டி கார்டைப் பொறுத்தவரை தயக்கமே வேண்டாம். 2 ஜிபி வரையுள்ள பழைய எஸ்டியை இன்றைய ரீடர்கள் படிக்கும். தலைகீழாகத்தான் நடக்காது: 2006-ல் எஸ்டிஎச்சி என்ற பெரிய கொள்ளளவு வகை வருவதற்கு முந்தைய கேமராவில் இன்றைய 32 ஜிபி கார்டைப் போட்டால் அதற்குப் புரியாது.

கார்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பூட்டை கீழே தள்ளிவிட்டு ரீடரில் போடுங்கள். கணினி எதையும் எழுதாது, தெரியாமல் அழிக்கவும் முடியாது. நான் யாருடைய கார்டைத் தொட்டாலும் முதல் வேலை அதுதான்.

* * *

எஸ்டி என்றால் சரி. எங்கள் வீட்டில் கிடைத்தது எக்ஸ்டி கார்டு. ஒலிம்பஸும் ஃபுஜிஃபிலிமும் 2002-ல் கொண்டுவந்த வகை. 2 ஜிபிக்கு மேல் போகவே இல்லை, பிறகு அந்த இரண்டு நிறுவனங்களுமே எஸ்டிக்கு மாறிவிட்டன. இப்போது விற்கும் ரீடர்களில் பெரும்பாலானவற்றில் அதற்கான துளையே இல்லை. வாங்கும் முன் அட்டையில் எக்ஸ்டி என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சோனியின் மெமரி ஸ்டிக்குக்கும், அதற்கு முந்தைய ஸ்மார்ட்மீடியாவுக்கும் இதே கதைதான்.

காம்பாக்ட்ஃப்ளாஷ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் ஊசிகள் இருப்பது கார்டில் அல்ல, ரீடரிலும் கேமராவிலும், மொத்தம் 50. கார்டைக் கொஞ்சம் சாய்த்து அழுத்தினாலே ஒன்றிரண்டு மடங்கிவிடும். நேராக வைத்து, தானாக உட்காருகிறதா என்று பார்த்துவிட்டுத் தள்ளுங்கள்.

* * *

என்னுடைய கேமரா இன்னும் பழசு. கூட வந்த சிடியில் இருந்த டிரைவர் 32 பிட் விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்டது. 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது, தயாரிப்பாளரும் புதிதாக எதுவும் வெளியிடவில்லை. மாஸ் ஸ்டோரேஜும் கிடையாது, பிடிபியும் கிடையாது. நிறுவனத்தின் சொந்த மொழியில்தான் பேசும்.

காப்பாற்றியது லினக்ஸ். ஒரு பென்டிரைவில் லினக்ஸ் போட்டு அதிலிருந்தே கணினியைத் துவக்கினேன். ஹார்டு டிஸ்கில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஜிஃபோட்டோ என்ற இலவச மென்பொருள் 2000-க்கும் மேற்பட்ட கேமராக்களுடன் பேசும். நிறுவனமே கைவிட்ட மாடல்களையும் யாரோ பொறுமையாக ஆராய்ந்து அதில் சேர்த்திருக்கிறார்கள். கேமராவை இணைத்ததும் பெயர் சொல்லி அடையாளம் கண்டது. அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு நான் உண்மையிலேயே கடன்பட்டிருக்கிறேன்.

மேக் வைத்திருப்பவர்கள் பிடிபி கேமராவுக்கு எதையும் தேட வேண்டாம். இமேஜ் கேப்சர் கூடவே வருகிறது, அதைத் திறந்தால் போதும்.

* * *

ஒரு அவசர உதவி. கார்டைப் போட்டதும் "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்கிறது. செய்யலாமா? உள்ளே என் பையனின் முதல் வருடப் படங்கள் இருக்கின்றன.

* * *

வேண்டாம். கேன்சல் கொடுத்துவிட்டு கார்டை வெளியே எடுத்துப் பூட்டுங்கள். அந்தக் கார்டு கேமராவுக்குள் போய் இனி ஒரு படம்கூட எடுக்கக் கூடாது.

அந்தச் செய்தி வந்தாலே படங்கள் போய்விட்டன என்று அர்த்தமில்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் சிதைந்திருக்கலாம், படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். முதலில் தொடர்பு முனைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து வேறொரு ரீடரில் போட்டுப் பாருங்கள். ரீடர் கோளாறாகவே முடிந்தாலும் முடியும். அப்போதும் அதே செய்தி வந்தால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள். அது அந்தப் பட்டியலையே பார்க்காது. ஒவ்வொரு ஜேபெக் படமும் தொடங்கும் அடையாளத்தைக் கார்டு முழுக்கத் தேடி எடுக்கும். பழைய கோப்புப் பெயர்கள் கிடைக்காது, படங்கள் கிடைக்கும். மீட்டதை அதே கார்டில் சேமிக்காதீர்கள், கணினியில் வேறு ஃபோல்டர் காட்டுங்கள்.

என்ன ஆனது என்று கட்டாயம் சொல்லுங்கள்.

* * *

எனக்கு மாற்றுவது சுலபமாக முடிந்தது, தேதிதான் படுத்தியது. பல நாள் பேட்டரி இல்லாமல் கிடந்ததால் கேமராவின் கடிகாரம் பழைய நிலைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் 2000 ஜனவரி 1-லிருந்து தொடங்குகிறது. கணினியில் தேதிவாரியாக அடுக்கினால் என் மகள் பிறப்பதற்கு முன்பே பள்ளிக்குப் போகிறாள்.

ஆறுதலான விஷயம், கடிகாரம் தப்பாக இருந்தாலும் சீராக ஓடியிருக்கும். ஒரே ஒரு படத்தின் உண்மையான நாள் தெரிந்தால் போதும். அந்தத் தொகுதி முழுக்க அதே வித்தியாசத்தைக் கூட்டிவிடலாம். ஒரு படத்தில் பின்னால் சுவரில் தினசரி நாட்காட்டி தெரிந்தது. அதை வைத்துக் கணக்கிட்டேன். எக்சிஃப்டூல் என்ற மென்பொருள் படத்தின் தரத்தைத் தொடாமல் உள்ளே பதிந்திருக்கும் தேதிகளை மட்டும் நகர்த்தும். நடுவில் கடிகாரம் இன்னொரு முறை பழைய நிலைக்குப் போயிருந்தால் அங்கிருந்து தனித் தொகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. கோப்புப் பெயரின் எண் 9999 வரைதான் போகும், பிறகு 0001-க்குத் திரும்பும். சில கேமராக்கள் கார்டு மாற்றினாலே திரும்பிவிடும். ஆகவே இரண்டு கார்டுகளில் ஒரே பெயரில் வேறு வேறு படங்கள் இருக்கும். ஒரே ஃபோல்டரில் கொட்டினால் கணினி 'மாற்றி எழுதவா' என்று கேட்கும், அவசரத்தில் சரி கொடுத்தால் முந்தைய படம் போச்சு. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ஃபோல்டர் போட்டுவிட்டு, பிறகு நிதானமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

* * *

கேமரா ஆனே ஆகவில்லை என்பவர்களுக்கு: பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அல்கலைன் பேட்டரி கசிந்திருக்கிறது. அது காரம். பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புது பேட்டரி போடுங்கள். கையில் உறை அவசியம். லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் அதைச் சார்ஜில் போடவே போடாதீர்கள்.

* * *

பையனின் படங்கள் பற்றிக் கேட்டவள்தான். இரண்டாவது ரீடரிலும் ஃபார்மட் கேட்டது. ஃபோட்டோரெக் ஓட்டினேன். பெரும்பாலானவை வந்துவிட்டன! சில படங்கள் பாதிக்கு மேல் சாம்பல் நிறமாக இருக்கின்றன, ஆனால் அவன் முதல்முறை எழுந்து நின்றது முழுசாக வந்திருக்கிறது. உடனே பதில் சொன்னவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மூன்று இடத்தில் நகல் வைத்துவிட்டேன்.

கூடவே சில ஏவிஐ வீடியோக்களும் கிடைத்தன. கணினியில் இருக்கும் பிளேயர் படத்தைக் காட்டவில்லை, சத்தம் மட்டும் வருகிறது. அவையும் கெட்டுவிட்டனவா?

* * *

கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. அந்தக் காலத்துக் கேமராக்கள் பல மோஷன் ஜேபெக் முறையில் வீடியோ எடுத்தன, இன்றைய பிளேயர்கள் சில அதைக் கண்டுகொள்வதில்லை. விஎல்சி என்ற இலவச பிளேயரில் திறந்து பாருங்கள். ஓடினால் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூலக் கோப்பையும் அப்படியே வைத்திருங்கள், மாற்றும்போது கொஞ்சம் தரம் குறையும்.

* * *

விஎல்சியில் ஓடுகிறது.