‘பிட் ராட்’: தரவு அரிப்பு என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

நீண்டகாலக் காப்புநகல் பற்றிய சொற்பட்டியலில் ‘பிட் ராட்’ மட்டும் இன்னும் முடியாமல் நிற்கிறது. சேமித்து வைத்த தரவின் பிட்டுகள், அதாவது 0, 1 என்ற குறிகள், காலப்போக்கில் தாமாகவே மாறிக் கோப்பு கெட்டுப்போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இதுவரை வந்தவை பிட் அழுகல், தரவுச் சிதைவு, துணுக்குதிர்வு. நான் முன்வைப்பது ‘தரவரிப்பு’.

அழுகினால் நாற்றம் வரும், நிறம் மாறும், பார்த்ததுமே தெரிந்துவிடும். இங்கே நடப்பது நேர்மாறு. 9 ஆண்டுகள் ஒரு வன்தட்டில் கிடந்த படங்களைப் போன மாதம் திறந்தேன். கோப்பின் பெயர் சரி, அளவு சரி, தேதியும் சரி. ஒரு படத்தில் மட்டும் அம்மாவின் முகம் வரை தெளிவாக இருந்து, அதற்குக் கீழே எல்லாம் பச்சையும் சாம்பலுமாகக் கலங்கிக் கிடந்தது. ஜேபெக் கோப்பில் ஒரே ஒரு பிட் புரண்டால்கூட அதற்குப் பின் வரும் பகுதி இப்படிக் குலைந்துபோகலாம். இன்னொரு தட்டிலும் நகல் வைத்திருந்தேன். ஆனால் படம் கெட்ட பிறகுதான் அந்த நகலை எடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து இந்தச் சொல் எனக்கு வெறும் பட்டியல் வேலையாக இல்லை.

‘தரவுச் சிதைவு’ ஏற்கெனவே டேட்டா கரப்ஷனுக்குப் புழங்குகிறது. மின்சாரம் போனாலோ மென்பொருள் பிழை செய்தாலோ அது ஒரு நொடியில் நடந்துவிடும். ‘துணுக்குதிர்வு’ கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பிட் எதுவும் உதிர்வதில்லை. 0 இருந்த இடத்தில் 1, 1 இருந்த இடத்தில் 0, அவ்வளவுதான். எண்ணிக்கை குறையாததால்தான் கோப்பின் அளவைப் பார்த்து ஏமாந்துபோகிறோம்.

அரிப்பு அப்படியில்லை. மண்ணரிப்பு, கடலரிப்பு, செல்லரித்த ஏடு என்று மெல்ல, கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதற்கு நம்மிடம் இருக்கும் சொல் அது. ஊடகம் எதுவானாலும் பொருந்தும். எழுதும் சிடியில் சாயம் மங்குகிறது, வன்தட்டிலும் நாடாவிலும் காந்தப் பதிவு வலுவிழக்கிறது, சிப்பில் பதியும் எஸ்எஸ்டியில் மின்னூட்டம் கசிகிறது. இந்தக் கடைசி விஷயத்தைப் பட்டியலின் விளக்கக் குறிப்பில் கட்டாயம் சேர்க்க வேண்டும். எழுதும் ஆயுள் முடிந்த ஒரு சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரமே இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதுதான் சிப் துறைக்கான தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பு கேட்பது. புதியது இன்னும் நெடுநாள் தாங்கும். ஆனாலும் அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோவதற்கான பொருள் அல்ல அது.

அரிப்பு என்றால் தோல் அரிப்புதானே நினைவுக்கு வரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். மண்ணரிப்பு என்று படிக்கும்போது யாரும் உடம்பைச் சொறிவதாக நினைப்பதில்லை. முன்னால் வரும் சொல் பொருளைக் காட்டிவிடுகிறது.

இன்னொரு நண்பர் சொன்னதுதான் வலுவான மறுப்பு. சேர்த்து எழுதினால், வேகமாகப் படிக்கும்போது ‘தரவரிசை’ என்று கண் ஏமாறுகிறது. நானும் படித்துப் பார்த்தேன், உண்மைதான். புணர்ச்சி சரியாக இருந்தாலும் படிப்பவர் தடுமாறக் கூடாது. அதனால் ‘தரவு அரிப்பு’ என்று பிரித்தே எழுதலாம்.

இதிலிருந்து வேறு சொற்களும் எளிதாகக் கிளைக்கின்றன. கெட்டுப்போனதை ‘அரிபட்ட கோப்பு’ எனலாம். செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு வைக்கும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டு வட்டு முழுவதையும் அவ்வப்போது படித்துப் பார்க்கும் ‘ஸ்க்ரப்’ வேலைக்கு ‘அரிப்புச் சோதனை’. செக்சமுக்கு ‘சரிபார்ப்புத் தொகை’ நீளமாக இருக்கிறது. அதைவிடச் சிறியதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.