கழற்றி மாட்டும் சின்ன வைஸ்: எது சரிப்படும்?

வணக்கம். சாப்பாட்டு மேசையில்தான் கப்பல், ரயில் மாடல்கள் செய்கிறேன். வேலை முடிந்ததும் கழற்றி எடுத்து வைக்கிற மாதிரி சின்ன வைஸ் (பொருளை இரண்டு தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் கருவி) ஒன்று வேண்டும். தாடை அகலம் 50 முதல் 75 மி.மீ. இருந்தால் போதும்.

உறிஞ்சிப் பிடிக்கும் அடிப்பாகம் உள்ளது கண்ணாடி மாதிரி வழவழப்பான பரப்பில்தான் நிற்கும். என் மேசையோ சொரசொரப்பான மரம். ஆகவே விளிம்பில் திருகி மாட்டும் கிளாம்ப் வகைதான்.

குழப்பமே தாடைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே பந்து மூட்டு உள்ள வகையில்தான். எந்தக் கோணத்திலும் திருப்பலாம், பெயின்ட் அடிக்க அருமை. ஆனால் பித்தளைக் கம்பியை அரத்தால் அழுத்தி ராவும்போது நழுவாமல் நிற்குமா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். அப்புறம், பிளாஸ்டிக்கில் தாடையின் பல் பதியாமலிருக்க ரப்பர் உறை போதுமா, தோல் ஒட்டலாமா?