குழுவில் பெயர் இருக்கிறது, அனுமதி வரவில்லை

எங்கள் அலுவலகத்தில் பயனர் குழுக்களை ஆக்டிவ் டைரக்டரியில் (மைக்ரோசாஃப்டின் பயனர் அடைவு) வைத்திருக்கிறோம். அங்கிருந்து அவை மைக்ரோசாஃப்டின் மேகக் கணக்குச் சேவையான என்ட்ரா ஐடிக்குப் போகும். நாங்களே எழுதிய ஒப்புதல் செயலி, உள்நுழையும்போது கிடைக்கும் டோக்கனில் (பயனர் யார் என்று சொல்லும் மின்சான்று) வரும் குழுக்களைப் பார்த்து அனுமதி கொடுக்கும். ஒருநாள் பல வருடங்களாக வேலை பார்க்கும் மேலாளர் ஒருவருக்கு ஒப்புதல் பொத்தானையே காணவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எல்லாம் சரியாக வருகிறது. குழுவில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்தோம், இருந்தது. எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தோம். இரண்டு நாள் இப்படியே போனது.

கடைசியில் டோக்கனைப் பிரித்துப் பார்த்தால், அதில் குழுப் பட்டியலே இல்லை! ஜேடபிள்யூடி வகை டோக்கனில் 200 குழுக்கள்தான் எல்லை (சாம்ல் என்ற இன்னொரு வகை என்றால் 150). அதைத் தாண்டினால் பட்டியலை முழுவதுமாக விட்டுவிட்டு, கிராஃப் ஏபிஐ என்ற மைக்ரோசாஃப்ட் இடைமுகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி ஒரு குறிப்பு மட்டும் வரும். எங்கள் நிரல் அந்தக் குறிப்பைப் படிக்கவே இல்லை, தவறு எங்களுடையதுதான். குழுவுக்குள் குழு என்று அடுக்கியிருந்தோம், அவையும் கணக்கில் சேரும். அதனால் அதிக வருடம் இருந்து பல குழுக்களில் சேர்ந்தவர்கள்தான் முதலில் மாட்டினார்கள்.

செயலிக்கு ஒதுக்கிய குழுக்களை மட்டும் அனுப்பும்படி மாற்றினோம். மேலாளருக்குச் சரியாகிவிட்டது. ஆனால் மறுநாள் காலையில் வேறு நான்கு பேருக்கு அனுமதி போய்விட்டது. இந்த முறையில் நேரடி உறுப்பினர்கள் மட்டுமே வருவார்கள், உள்குழுவில் இருப்பவர்கள் வரமாட்டார்கள். அதை முன்பே சோதிக்காமல் விட்டது எனக்கு இன்னும் வருத்தம்தான். இப்போது யாராவது அனுமதி இல்லை என்றால், குழுவைத் திறப்பதற்கு முன் டோக்கனைத்தான் பார்க்கிறேன்.

மறுமொழி:

லினக்ஸ் பக்கம் எனக்கும் இதே கதை. என்எஃப்எஸ் (பிணையம் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) பகிர்வில் ஒருவருக்கு மட்டும் ஒரு கோப்புறை திறக்கவில்லை. அவர் கணினியில் குழுக்கள் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தன. பயனர் யார் என்று சர்வருக்குச் சொல்லும் வழக்கமான ஆத்-சிஸ் முறையில் ஒரு கோரிக்கையோடு 16 துணைக் குழுக்கள்தான் போகும். அவருக்கு வேண்டிய குழு அதற்கு அப்புறம் இருந்தது. குழுக்களை சர்வரே தேடிக்கொள்ளும்படி மவுண்ட்-டி என்ற என்எஃப்எஸ் சர்வர் நிரலில் ஒரு விருப்பம் இருக்கிறது, மேனேஜ்-ஜிட்ஸ் என்று பெயர். சரி என்று போட்டால் நிலைமை மோசமானது, பலருக்கும் அணுகல் போய்விட்டது. அந்த சர்வர் பயனர்களும் குழுக்களும் பதிவாகியிருக்கும் எங்கள் எல்டாப் அடைவோடு இணைக்கப்படவே இல்லை, அதற்குக் குழுக்களே தெரியாது. முதலில் இணைத்துவிட்டு, பிறகு அதைப் போட்டதும் எல்லோருக்கும் திறந்தது.